வாக்கு வேறு, தொகுதி வேறு: கருத்துக்கணிப்புகளை வாசிப்பது எப்படி?

புதுதில்லி: மக்களவைத் தேர்தலின் ஏழாவது மற்றும் இறுதிக் கட்ட வாக்குப்பதிவு 2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை நிறைவடைந்தது. தடைக்காலம் முடிந்த உடனேயே, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள் தொலைக்காட்சிகளில் அடுத்தடுத்து வெளியாயின. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை கிடைக்கும் என ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனம் கணித்தது. டுடேஸ் சாணக்யா, 15 இடங்கள் கூடவோ குறையவோ 400 என்றது. சி-வோட்டர் 353 முதல் 383 வரை என்றது. ஆளும் கூட்டணி பெரும் வெற்றி பெறும் என்பதில் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் ஒன்றுபட்டிருந்தன.

திங்கள்கிழமை பங்குச் சந்தை திறந்தபோது, அந்தக் கணிப்புகள் பணமாக மாறின. மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 2,507 புள்ளிகள் உயர்ந்து 76,468-இல் நிலைபெற்றது. மறுநாள் ஜூன் 4 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. தேசிய ஜனநாயகக் கூட்டணி 293 இடங்களிலும் இண்டியா கூட்டணி 234 இடங்களிலும் வென்றன. பாரதிய ஜனதா கட்சி 240 இடங்களைப் பெற்று, தனிப்பெரும்பான்மையை இழந்தது. அன்று சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே நாளில் குறைந்தது. அடுத்த மூன்று வர்த்தக நாள்களில் சந்தை மீண்டும் பழைய உயரத்தைக் கடந்தது. ஆனால், கணிப்பை நம்பித் திங்களன்று வாங்கி, செவ்வாயன்று அச்சத்தில் விற்றவர்களுக்கு அந்த மீட்சியால் பயனில்லை.

கணிப்புகள் தவறுவது புதிதல்ல. 2004-இல் வாஜ்பாய் தலைமையிலான அரசு மீண்டும் அமையும் என்ற தோற்றத்தையே பெரும்பாலான கணிப்புகள் தந்தன. எண்ணிக்கையில் காங்கிரஸ் 145 இடங்களையும் பாஜக 138 இடங்களையும் பெற்றன, ஆட்சி மாறியது. 2009-இல் காங்கிரஸ் தனித்து 206 இடங்களைப் பெறும் எனப் பெரும்பாலான கணிப்புகள் எதிர்பார்க்கவில்லை. 2014, 2019 தேர்தல்களில் வெற்றி யாருக்கு என்பதைக் கணிப்புகள் சரியாகவே சொல்லின. எனவே, கணிப்புகள் யாவும் பொய் என்று ஒதுக்குவதும், யாவும் உண்மை என்று ஏற்பதும் ஒரே வகைச் சோம்பல்தான். ஒரு கணிப்பில் எந்த எண் அளக்கப்பட்டது, எந்த எண் அனுமானிக்கப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே வாசகர் செய்யக்கூடியது.

மூன்று வகைக் கணிப்புகள்

பொதுவாகக் கருத்துக்கணிப்பு என்ற ஒரே சொல்லால் மூன்று வேறுபட்ட பணிகள் குறிக்கப்படுகின்றன. வாக்குப்பதிவுக்கு முன்னர் வாக்காளரின் விருப்பத்தைக் கேட்பது முதல் வகை. அந்த விருப்பம் மாறலாம். வேட்பாளர் பட்டியலே வெளியாகாத நிலையில் கேட்கப்பட்டிருக்கலாம். பதிலளித்தவர் வாக்குச்சாவடிக்குச் செல்லாமலும் இருக்கலாம். வாக்களித்துவிட்டு வெளியே வருவோரை வாக்குச்சாவடியின் அருகிலேயே கேட்பது இரண்டாவது வகை. எக்ஸிட் போல் என அறியப்படுவது இதுவே. வாக்களித்த பின்னர், எண்ணிக்கைக்கு முன்னதாக, வாக்காளரை வீட்டில் சந்தித்து விரிவாகக் கேட்பது மூன்றாவது வகை. சிஎஸ்டிஎஸ்-லோக்நீதி அமைப்பு நீண்டகாலமாக இம்முறையைப் பின்பற்றுகிறது. அங்கு பதிலளிப்பவர் தம் வாக்கை வாயால் சொல்ல வேண்டியதில்லை. மாதிரி வாக்குச்சீட்டில் குறியிட்டு, களப்பணியாளர் எடுத்துச் செல்லும் பெட்டியில் இட்டுவிடலாம்.

வாக்குச்சாவடியின் வாயிலில், கட்சித் தொண்டர்களும் ஊராரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் கேட்கப்படும் கேள்விக்கும், வீட்டுத் திண்ணையில் சீட்டில் குறிக்கப்படும் விடைக்கும் வேறுபாடு உண்டு. ஊரில் செல்வாக்குள்ள தரப்புக்கு எதிராக வாக்களித்த ஒருவர், குறிப்பாக ஒடுக்கப்பட்ட சமூகத்தையோ சிறுபான்மைச் சமூகத்தையோ சேர்ந்தவர், அறிமுகமில்லாத நபரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவார் என்பது கணிப்பாளர்கள் நன்கு அறிந்த சிக்கல். அவர் பதிலளிக்க மறுக்கலாம். வெல்லும் என்று பேசப்படும் கட்சியின் பெயரையும் சொல்லிவிடலாம். இரண்டில் எது நிகழ்ந்தாலும் அட்டவணையில் அதற்குத் தடயம் இராது.

ஒரு பானைச் சோறும் ஒரு சோறும்

ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள் உள்ள நாட்டில் சில ஆயிரம் பேரிடம் கேட்டு முடிவு சொல்வது எப்படி என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. புள்ளியியல் இதற்கு நெடுங்காலம் முன்பே விடையளித்துவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற வழக்கு சொல்வதும் ஏறக்குறைய இதையே. பானை பெரிதா சிறிதா என்பது முக்கியமல்ல. சோறு எங்கும் ஒன்றுபோல் வெந்திருந்தால் ஒரு பருக்கை போதும். ஒருபுறம் வெந்து மறுபுறம் வேகாதிருந்தால், மேலாக எடுத்த ஒரு கரண்டி நிறையச் சோறும் ஏமாற்றும்.

தற்செயல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 1,000 பேரிடம் கேட்டால், கிடைக்கும் விடை 95 சதவீத நம்பகத்தன்மையுடன் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். 2,500 பேரிடம் கேட்டால் இந்தப் பிழை வரம்பு சுமார் 2 புள்ளி. 10,000 பேரிடம் கேட்டால் சுமார் 1 புள்ளி. அதாவது, மாதிரியைப் பத்து மடங்கு பெருக்கினாலும் பிழை மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. சுமார் 2 கோடி வாக்காளர்கள் உள்ள ஹரியாணாவுக்கும், 15 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றே.

செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் நுணுக்கம் ஒன்று உண்டு. பிழை வரம்பு ஒவ்வொரு கட்சியின் வாக்கு சதவீதத்துக்கும் உரியது. இரு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு. 1,000 பேரிடம் நடத்திய கணிப்பில் ஒரு கட்சிக்கு 40 சதவீதமும் மற்றொன்றுக்கு 37 சதவீதமும் கிடைத்தால், அந்த 3 புள்ளி முன்னிலையின் பிழை வரம்பு 5 புள்ளிக்கும் அதிகம். யார் முந்துகிறார் என்பதையே அந்தக் கணிப்பால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும், முன்னிலை என்றே தலைப்புச் செய்தி வெளியாகும்.

மேலும், இந்தக் கணக்கு முழுவதும் தற்செயல் தேர்வு என்ற ஒரு நிபந்தனையின் மீது நிற்கிறது. நடைமுறையில் களப்பணியாளர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கும் தனித்தனி நபர்களைத் தேடிச் செல்வதில்லை. சில தொகுதிகளைத் தேர்ந்து, அவற்றில் சில வாக்குச்சாவடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது முப்பது பேரைச் சந்திக்கின்றனர். ஒரே தெருவில் வாழ்வோர் ஒரேபோல் வாக்களிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அத்தகைய 10,000 விடைகள் தற்செயலாகத் தேர்ந்த 10,000 விடைகளுக்கு ஈடாவதில்லை. மாதிரி அளவைப் பெரிதாக அறிவிக்கும் நிறுவனங்கள் இந்தக் கழிவைச் சொல்வது அரிது.

எண்ணிக்கை தரத்தை ஈடுசெய்யாது என்பதற்கான பழைய பாடம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1936 அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். தொலைபேசியும் மோட்டார் வாகனமும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தரப்பினராகவே இருந்தனர். இன்று இணையதளங்களும் சமூக ஊடகக் கணக்குகளும் நடத்தும் ‘உங்கள் வாக்கு யாருக்கு’ என்ற வகை வாக்கெடுப்புகள் அந்தப் பிழையைத் திரும்பச் செய்கின்றன. அவற்றில் மாதிரியே கிடையாது. விருப்பப்பட்டவர் வந்து போகிறார், அவ்வளவே.

தொலைபேசி வழிக் கணிப்புகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம். கிராமப்புறங்களில் அது 47 சதவீதம். கைப்பேசிப் பயன்பாடு ஆண்டுதோறும் கூடிவந்தாலும், வீட்டில் ஒலிக்கும் அழைப்பை எடுப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பெண்களின் வாக்கு தனியாக நகர்வதாகக் கருதப்படும் தேர்தல்களில் இது சிறிய விஷயமன்று.

வாக்கிலிருந்து தொகுதிக்கு

மாதிரியில் எந்தக் குறையும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்தியக் கணிப்புகளின் கடினமான பகுதி அதற்குப் பின்னரே தொடங்குகிறது. களத்தில் அளக்கப்படுவது வாக்கு. தொலைக்காட்சித் திரையில் காட்டப்படுவது தொகுதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் இருப்பது அளவீடு அன்று, மதிப்பீடு.

2019-இல் பாஜக பெற்ற வாக்குகள் 37 சதவீதத்தைச் சற்றே தாண்டின, இடங்கள் 303. 2024-இல் வாக்குகள் 36.56 சதவீதம், இடங்கள் 240. நாடு தழுவிய வாக்கில் ஒரு புள்ளிக்கும் குறைவான சரிவு, 63 இடங்களின் இழப்பாக முடிந்தது. அந்த ஒரு புள்ளி, எத்தகைய பெரிய மாதிரியின் பிழை வரம்புக்குள்ளும் மறைந்துவிடக் கூடியது.

வாக்கு எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்பதில் விடை இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் அக்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 50 சதவீதத்திலிருந்து 41 சதவீதமாகக் குறைந்தது. இடங்கள் 62-இலிருந்து 33 ஆயின. சமாஜவாதி 37 இடங்களையும் காங்கிரஸ் 6 இடங்களையும் பெற்றன. அதேவேளையில் தமிழ்நாட்டில் பாஜகவின் வாக்கு 3.66 சதவீதத்திலிருந்து 11.24 சதவீதமாக உயர்ந்தது. அங்கு கிடைத்த இடம் ஒன்றுமில்லை. 2019-ஐவிட அதிகத் தொகுதிகளில் போட்டியிட்டதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம். அகில இந்திய சதவீதத்தில் தமிழ்நாட்டு வாக்கும் உத்தரப் பிரதேச வாக்கும் சமம். தொகுதிக் கணக்கில் சமமல்ல.

மாநிலங்களிலும் இதே கதைதான். 2018-இல் கர்நாடகத்தில் காங்கிரஸ் 38 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்று 80 இடங்களில் வென்றது. 36 சதவீதத்தைச் சற்றே கடந்த பாஜக 104 இடங்களைப் பெற்றது. அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் பாஜக 41.02 சதவீத வாக்குகளுடன் 109 இடங்களையும், காங்கிரஸ் 40.89 சதவீத வாக்குகளுடன் 114 இடங்களையும் பெற்றன. இவ்விரு மாநிலங்களிலும் வாக்கைத் துளியும் பிசகாமல் கணித்த ஒருவர்கூட, அதை மட்டும் வைத்து வெற்றியாளரைச் சொல்லியிருந்தால் தவறியிருப்பார்.

வாக்கைத் தொகுதியாக மாற்றும் பணியில் கணிப்பாளர்கள் கையாளும் அடிப்படை முறை எளிமையானது. முந்தைய தேர்தலில் ஒவ்வொரு தொகுதியிலும் பதிவான வாக்கை எடுத்துக்கொண்டு, புதிய கணிப்பு காட்டும் ஏற்ற இறக்கத்தை அதன்மீது பொருத்துவதே அது. 1980-களில் பிரணாய் ராய், அசோக் லாகிரி, டேவிட் பட்லர் ஆகியோர் இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்தபோது, இதனுடன் எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு என்ற ஒன்றையும் சேர்த்தனர். எதிர்த்தரப்பு வாக்குகள் எத்தனை கூறுகளாகப் பிரிகின்றன என்பதை அது அளந்தது. ஆளுங்கட்சியின் வாக்கு மாறாமலேயே எதிர்க்கட்சிகள் ஒன்றிணைந்தால் இடங்கள் சரியும் என்பதை அக்குறியீடு தெளிவாக்கியது.

இந்த முறைக்குப் பழைய தேர்தலே அடித்தளம். அடித்தளம் கலைந்துவிட்டால் கணக்கும் கலையும். மகாராஷ்டிரத்தில் 2019 தேர்தலுக்குப் பின்னர் சிவசேனையும் தேசியவாத காங்கிரஸும் தலா இரண்டாக உடைந்தன. பழைய சிவசேனை வாக்கில் எந்தப் பாதி எந்தப் பக்கம் சென்றது என்பதற்கு 2024-இல் எந்தப் பதிவும் இல்லை. மக்களவைத் தேர்தலில் இரு கூட்டணிகளும் ஏறக்குறைய சமமான வாக்குகளைப் பெற்றபோதிலும், 48 தொகுதிகளில் மகா விகாஸ் அகாடி 30 இடங்களிலும் மகாயுதி 17 இடங்களிலும் வென்றன. அசாமிலும் ஜம்மு-காஷ்மீரிலும் தொகுதி எல்லைகளே மறுவரையறை செய்யப்பட்டிருந்தன.

ஹரியாணாவின் 0.85 புள்ளி

2024 அக்டோபரில் நடைபெற்ற ஹரியாணா சட்டப்பேரவைத் தேர்தல், இந்தச் சிக்கல்கள் யாவும் ஒருங்கே சந்தித்த இடம். பத்தாண்டு ஆட்சிக்குப் பின்னர் பாஜக தோற்கும், காங்கிரஸ் அறுதிப் பெரும்பான்மை பெறும் என்பதே வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளின் ஒருமித்த குரலாக இருந்தது. அக்டோபர் 8 அன்று 90 இடங்களில் பாஜக 48-ஐயும் காங்கிரஸ் 37-ஐயும் பெற்றன. வாக்குகள் முறையே 39.94 சதவீதமும் 39.09 சதவீதமும் ஆகும். வித்தியாசம் 0.85 புள்ளி.

இத்தகைய போட்டியில் எந்தக் கணிப்பும் கண்ணியமாகச் சொல்லக்கூடிய ஒரே முடிவு, கடும் போட்டி நிலவுகிறது என்பதுதான். மாறாக, எல்லாக் கணிப்புகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. தற்செயல் பிழை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் சில கணிப்புகள் இப்பக்கமும் சில அப்பக்கமும் விழுந்திருக்க வேண்டும். யாவும் ஒரே திசையில் தவறும்போது, மாதிரியிலோ விடையளிப்பவரின் தயக்கத்திலோ பொதுவான சாய்வு இருந்திருக்கிறது, அல்லது மற்ற நிறுவனங்கள் சொல்வதிலிருந்து விலகி நிற்க அஞ்சித் தத்தம் எண்ணைத் திருத்தியிருக்கின்றனர் என்றே கொள்ள வேண்டும். பல கணிப்புகளின் சராசரியை ‘கணிப்புகளின் கணிப்பு’ என்று வெளியிடும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது. ஒரே திசையில் சாய்ந்த பத்துத் தராசுகளின் சராசரியும் சாய்ந்தே நிற்கும்.

இதற்கு முந்தைய ஆண்டு சத்தீஸ்கரிலும் காங்கிரஸ் முந்துவதாகவே பெரும்பாலான கணிப்புகள் கூறின. பாஜக 54 இடங்களில் வென்றது, காங்கிரஸ் 35-இல் நின்றது. 2020 பிகார் தேர்தலில் பல கணிப்புகள் மகா கூட்டணியின் ஆட்சியை அறிவித்தன. நான்கு கோடிக்கும் அதிகமான வாக்குகள் பதிவான அத்தேர்தலில், இரு கூட்டணிகளுக்கும் இடையிலான மொத்த வித்தியாசம் சுமார் 12,000 வாக்குகள் மட்டுமே. தேசிய ஜனநாயகக் கூட்டணி 125, மகா கூட்டணி 110 என முடிவு அமைந்தது. பிகார் கணிப்பாளர்களைக் குறைகூறுவதற்கு முன்னர் அந்த 12,000 என்ற எண்ணை நினைவில் கொள்வது நியாயம். உறுதியற்ற ஒன்றை உறுதியாகச் சொன்னதே அவர்கள் மீதான குறை.

தொகுதி எண்களைக் காட்டிலும், அதே கணிப்புகளின் உள்ளே இருக்கும் மற்ற அட்டவணைகளில் பயன் அதிகம். 2024 தேர்தலுக்கு முன்னர் சிஎஸ்டிஎஸ்-லோக்நீதி நடத்திய ஆய்வில், வேலையின்மையே முதன்மைப் பிரச்னை என 27 சதவீதத்தினரும், விலைவாசி உயர்வு என 23 சதவீதத்தினரும் கூறினர். வேலை தேடுவது முன்பைவிடக் கடினமாகிவிட்டதாக 62 சதவீதத்தினர் தெரிவித்தனர். இத்தகைய பெரிய வித்தியாசங்கள் பிழை வரம்பில் கரைந்துவிடுவதில்லை. ஆனால் இவை இரவு நேர விவாதங்களில் சில நொடிகளே இடம்பெற்றன.

முதலமைச்சர்களின் செல்வாக்குப் பட்டியல்களிலும் ஒரு நுட்பம் உண்டு. அவற்றில் பலவும் ஒவ்வொரு முதலமைச்சரையும் அவரவர் மாநிலத்து மக்களே மதிப்பிட்டதன் அடிப்படையில் தயாரிக்கப்படுகின்றன. அதில் முதலிடம் பெறுவது நாட்டிலேயே மக்கள் விரும்பும் தலைவர் என்ற பொருளைத் தராது; தம் மாநிலத்தில் மற்றவர்களைவிட அதிக சதவீத ஒப்புதல் பெற்றவர் என்பதே பொருள். மாநிலவாரி மாதிரி சிறியதாக இருந்தால் மூன்றாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் வேறுபாடே இராது.

சட்டம் சொல்வது

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவு 2009 திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது. அதன்படி, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்குவது முதல் இறுதிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பை நடத்துவதும் வெளியிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வாக்குப்பதிவுக்கு முந்தைய கருத்துக்கணிப்புகளுக்கு இத்தகைய நீண்ட தடை இல்லை. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கு மட்டும், மின்னணு ஊடகங்களில் அவற்றை வெளியிட 126-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. 1998-இல் தேர்தல் ஆணையம் தானாகவே வழிகாட்டு நெறிகளை வகுத்துக் கணிப்புகளைக் கட்டுப்படுத்த முயன்றது. சட்ட அதிகாரமின்றி அவற்றைச் செயல்படுத்த இயலாது என்ற நிலை உச்ச நீதிமன்றத்தில் எழுந்ததால், 1999-இல் அவற்றைத் திரும்பப் பெற்றது.

வெளியீட்டு நேரத்தைச் சட்டம் கட்டுப்படுத்துகிறதே தவிர, கணிப்பின் தரத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. கணிப்புகளைத் தேர்தல் ஆணையம் நெறிப்படுத்துவதில்லை என்றும், அத்துறையினர் தம்மைத் தாமே பரிசீலித்துக்கொள்ள வேண்டும் என்றும் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் 2024 அக்டோபரில் தெரிவித்தார். தரத்தைப் பற்றிப் பேசுவது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைதான். கணிப்பை நடத்திய நிறுவனம், பணம் கொடுத்து நடத்தச் சொன்னவர், மாதிரியின் அளவும் தன்மையும், மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்ட முறை, பிழை வரம்பு ஆகியவற்றைச் செய்தித்தாள்கள் முன்னிலைப்படுத்தி வெளியிட வேண்டும் என அது கூறுகிறது. ஒரு கணிப்பைக் காணும் வாசகர் இந்த ஐந்தையும் தேடிப் பார்க்கலாம். ஐந்தில் இரண்டுக்கு மேல் கிடைத்தால் அது நல்ல நாள்.

ஆய்வு எதை அளந்தது?

இதே எச்சரிக்கை அரசு நடத்தும் மாதிரி ஆய்வுகளுக்கும் தேவை. இந்தியாவுக்கு இத்துறையில் பெருமைமிக்க மரபு உண்டு. பி.சி. மகலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, வளரும் நாடுகளுக்கு முன்னோடியாக விளங்கியது. மாதிரித் தேர்வில் இந்த ஆய்வுகள் தனியார் தேர்தல் கணிப்புகளைவிடப் பல மடங்கு கவனமானவை, முறையியலும் வெளிப்படையானது. சிக்கல் பெரும்பாலும் ஆய்வில் அல்ல, அதை வாசிப்பதில் எழுகிறது.

2021 நவம்பரில் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் தேசிய அளவிலான முடிவுகள் வெளியானபோது, 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்ற எண் தலைப்புச் செய்தியானது. நாட்டில் முதன்முறையாகப் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை விஞ்சிவிட்டதாக எழுதப்பட்டது. 6.36 லட்சம் குடும்பங்களை உள்ளடக்கிய ஆய்வு என்பதால் எவரும் ஐயுறவில்லை. ஆனால் அந்த எண், ஆய்வாளர் சென்றபோது முந்தைய இரவு வீட்டில் தங்கியிருந்தோரை மட்டுமே கணக்கிட்டது. வேலைக்காக வெளியூரில் தங்கும் ஆண்கள், படைமுகாம்களிலும் விடுதிகளிலும் கட்டுமானத் தளங்களிலும் இருப்போர் அதில் சேரவில்லை. அதே ஆய்வின் அதே அட்டவணையில், முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பாலின விகிதம் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகள் எனப் பதிவாகியிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒட்டுமொத்தப் பாலின விகிதம் 943. பெண் சிசுத் தேர்வு முடிவுக்கு வந்துவிட்டது என்று 1,020-ஐ வைத்து ஒருவர் முடிவு செய்தால், 929 சொல்லும் செய்தி காணாமல் போகிறது.

வேலையின்மை விகிதமும் அவ்வாறே. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான தொழிலாளர் ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம் என ஒரு கணக்கும், 4.9 சதவீதம் என மற்றொரு கணக்கும் உண்டு. இரண்டும் ஒரே ஆய்வில், அதே மக்களிடமிருந்து பெறப்பட்டவை, இரண்டும் சரியானவை. முதலாவது கடந்த 365 நாள்களின் வழக்கமான நிலையைப் பார்க்கிறது. அதில் ஆண்டில் 30 நாள்கள் துணைத் தொழில் செய்தவரும் வேலையிலிருப்பவராகவே கருதப்படுவார். இரண்டாவது கடந்த ஏழு நாள்களைப் பார்க்கிறது. அந்த வாரத்தில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவர் வேலையற்றோர் பட்டியலில் சேரமாட்டார். குடும்ப நிலத்திலோ கடையிலோ ஊதியமின்றி உழைப்பவர் இரு கணக்கிலும் வேலையிலிருப்பவரே. அரசுத் தரப்பு ஒரு விகிதத்தையும் எதிர்த்தரப்பு மற்றொன்றையும் எடுத்தாளும் நாடாளுமன்ற விவாதங்களில் இந்த வரையறைகள் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

இரு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடும்போது முறை மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், ஒரே முறை சென்று கேட்பதற்குப் பதிலாக, உணவு, பிற நுகர்பொருள்கள் மற்றும் சேவைகள், நீடித்துழைக்கும் பொருள்கள் எனப் பிரித்து மூன்று முறை சென்று கேட்டனர். பட்டியல் குறுகும்போது மனிதர்கள் அதிகம் நினைவுகூர்கின்றனர். எனவே 2011-12 ஆய்வுடன் ஒப்பிட்டுக் காணும் உயர்வில், வாழ்க்கைத்தர முன்னேற்றம் எவ்வளவு, கேட்கும் முறையின் விளைவு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல. வறுமை குறைந்த அளவு குறித்துப் பொருளியலாளர்கள் இன்றளவும் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பழைய எண் இருக்கிறது. தேர்தல் கணிப்பாயினும் அரசு ஆய்வாயினும், மாதிரியில் கிராமம், நகரம், சாதிப்பிரிவு, வயது, பாலினம் ஆகியவற்றின் பங்கு சரியாக உள்ளதா என்பதை ஒப்பிட்டுத் திருத்துவதற்கான அளவுகோல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே. 2021-இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டதால், 2024 தேர்தலின் கணிப்புகளும் 2011-இன் கணக்கையே சார்ந்திருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் கிராமத்திலிருந்து நகரத்துக்கும், பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தெற்கு, மேற்கு மாநிலங்களுக்கும் குடிபெயர்ந்தோர் அந்தக் கணக்கில் தம் பழைய ஊரிலேயே இருக்கின்றனர். புதிய கணக்கெடுப்புக்கான அடிப்படைத் தேதியாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டுள்ளது. பனிபொழியும் மலைப்பகுதிகளுக்கு மட்டும் அது 2026 அக்டோபர் 1. அதன் விவரங்கள் வெளியாகும்வரை நடைபெறும் கணிப்புகள் யாவும் இந்தப் பழைய அளவுகோலையே நம்பியிருக்கும்.